ராமேஸ்வரம் சங்குக் கடை: சிப்பி வாங்கலாம், வலம்புரி வேண்டாம்

கோயிலுக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை. நான் கீழக்கரையில் சங்கு குடோனில் கணக்கு எழுதுகிறவன். பரமக்குடி மச்சான் “வலம்புரி ஒண்ணு பாக்கணும், கூட வா மாப்ள” என்றார், போனேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசலில் உட்கார்ந்து சிப்பியில் பெயர் எழுதித் தரும் பையனின் கை அபாரம். சிப்பி எப்படி வளைகிறதோ அப்படியே எழுத்தும் வளைந்து போகிறது, ஒரு சொட்டுப் பெயிண்ட் வழியவில்லை. விலை 80 ரூபாய். சோழித் தோரணம், சிப்பி ஒட்டிய கண்ணாடி எல்லாமே நியாயமான விலைதான்.

உள்ளே ஏசி அறை. சிவப்பு வெல்வெட்டில் ஒரே ஒரு சங்கு. முதலாளிக்கு விரலுக்கு விரல் மோதிரம். மனிதர் விற்க முயலவே இல்லை, அதுதான் அவர் திறமை. “இது எல்லாருக்கும் குடுக்கிறதில்லைண்ணே. வீட்டுக்குப் போய் யோசிங்க, சென்னைப் பார்ட்டி ஒருத்தர் கேட்டிருக்கார்.” ஐந்து நிமிடத்தில் மச்சான் கெஞ்சிக்கொண்டிருந்தார். சங்கு வாங்கிப்போன ஒருவர் வேலையையே விட்டுவிட்டாராம், இப்போது மூன்று வீடாம். வீட்டைவிட அந்த வேலையை விட்ட கதையைத்தான் அழுத்தி அழுத்திச் சொன்னார். எந்த இடத்தில் நமக்கு அரிக்கிறது என்று அவருக்குத் தெரியும். விலை 1,20,000.

காதில் வைத்தால் ஓம் கேட்கும் என்றார். உள்ளே குழிந்த எதை வைத்தாலும்தான் இரையும். நான் செல்போன் விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். மன்னார் வளைகுடாச் சங்கு என்றால் உள்தண்டில் மூன்று நான்கு வரப்பு மாதிரி மடிப்பு ஓடும். இதில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. கையில் கனமும் இல்லை. இது அமெரிக்கக் கடலில் கிடைக்கிற வேறொரு சாதி. அந்தச் சாதியே பிறவியில் வலம்புரியாகத்தான் சுழியும், அதில் அதிசயம் எதுவும் கிடையாது. டெக்சாஸ்காரர்கள் 1987-இல் அதைத் தங்கள் மாநிலச் சின்னங்களில் ஒன்றாகவே வைத்துக்கொண்டார்கள். நம் கடலில் மூச்சடக்கி முங்கி எடுக்கிற சங்கு இடம்புரி. வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போவது அதுதான். அசல் வலம்புரி லட்சத்தில் ஒன்று என்பார்கள். அது எப்படி இந்த வெல்வெட்டில் ஆளுக்கு ஒன்று முளைக்கிறது?

எனக்கு எரிச்சல் முதலாளி மேல் மட்டும் இல்லை. வாசலில் ஒரு குடும்பம் அந்தப் பையனிடம் 80-ஐ 50 ஆக்கச் சொல்லி மல்லுக்கு நின்றது. அதே ஆட்கள் உள்ளே வந்து லட்ச ரூபாய் சங்கின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள். பெயிண்ட் கறை படிந்த கையிடம் பேரம், மோதிரம் போட்ட கைக்குக் கும்பிடு. வெயிலில் முங்குகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிற ஊர், அவர் கார் வந்து நின்றால் நாற்காலி எடுத்துப் போடுகிறது. உழைக்கிறவன் ஏமாளி என்று அவர் நினைக்கிறார். நாமும் உள்ளுக்குள் அதையேதான் நினைக்கிறோம், அதனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஏமாந்தவன் வெளியே சொல்லமாட்டான் என்பது அவருக்கு இன்னொரு தைரியம். 1925-இல் விக்டர் லுஸ்டிக் என்பவன் பாரிஸின் ஈபிள் கோபுரத்தைப் பழைய இரும்பு விலைக்கு விற்றான். பணம் கொடுத்த வியாபாரி வெட்கத்தில் போலீசுக்கே போகவில்லை. கோடிக்கு விலைபோகும் என்று நம்பி இரிடியம் கலசம் வாங்கி ஏமாந்த நம்மூர் ஆட்கள் மட்டும் வாய் திறப்பார்களா என்ன?

மச்சான் வாங்கவில்லை. பாம்பன் பாலம் தாண்டும்வரை பேசவும் இல்லை. மண்டபத்தில் டீ குடிக்கும்போது, “அடுத்தவன் முன்னேறுனா ஒனக்குப் பொறுக்காதுடா” என்றார்.

பெயர் எழுதிய சிப்பிக்கு ஐந்து நட்சத்திரம், உள் அறைக்கு ஒன்றுகூட இல்லை. சிப்பிக்கு ஜிபே வாங்குகிறார்கள், பில்லும் தருகிறார்கள். சங்குக்கு மட்டும் ரொக்கம்தான், பில் கிடையாது. கார் நிறுத்த இடமில்லை, தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் வரவேண்டும்.