அல்பாக்கா வாங்கப் போகிறீர்களா? ரோமத்துக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்

அமெரிக்காவின் ஒகையோவில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம், ரோமத்துக்காக வளர்க்கப்படும் ஒட்டகக் குடும்பத்து விலங்கான அல்பாக்காவை முதன்முதலாக வளர்க்க ஆசைப்பட்டு, ஒரு பண்ணையிலிருந்து மூன்றைச் சேர்த்து ஒரே விலைக்கு வாங்கியது. ஒன்று, சினை என்று சொல்லி விற்ற பெட்டை. இன்னொன்று அதற்குத் துணையாக வயதான பெட்டை. மூன்றாவது, புட்டிப்பாலில் வளர்ந்த ஆண் குட்டி. ஓர் ஆண்டு முடிவதற்குள் சினை பொய்யென்று தெரிந்தது, வயதான பெட்டை செத்துப்போனது, ஆண் குட்டி ஆளைக் கண்டால் நெஞ்சால் முட்டித் தள்ள ஆரம்பித்தது. விற்றவர் சொன்னது, "இங்கிருந்து ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தன" என்பது மட்டும். பண்ணையின் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பண்ணையானாலும், புதிதாக வருபவர்களின் தலையில் கட்டுவதற்கு இந்த மூன்று வகை உருப்படிகள்தான் தோது.

வயதான பெட்டையிலிருந்து தொடங்குவோம். கண்ணால் பார்த்தால் அல்பாக்கா எல்லாமே கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஒரு சாண் ரோமத்துக்குள் எலும்பும் தோலுமாக இருப்பது வெளியே தெரியவே தெரியாது. கடைசி விலா எலும்புக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்பின் மேல் கையைக் கவிழ்த்து வையுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். ரோமத்தை அழுத்தி, தோல் தட்டுப்படும்வரை விரல்களை இறக்குங்கள். முதுகெலும்பின் இருபுறமும் சதை கூரைச் சரிவுபோல நேராக இறங்கினால் உடம்பு சரியாக இருக்கிறது. மெலிவுக்கு ஒன்று, கொழுப்புக்கு ஐந்து என்ற கணக்கில் மூன்று மதிப்பெண். முதுகுத்தண்டு கத்திமுனை மாதிரி நின்று, இருபுறமும் விரல் உள்ளே குழிந்து போனால் அது நோஞ்சான். பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது கண். கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாகவோ ரோஜா நிறமாகவோ இருக்க வேண்டும். வெளுத்திருந்தால், இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவை முதலில் சந்தேகிக்க வேண்டும். "போன மாதம்தான் புழுமருந்து கொடுத்தோம்" என்ற சொல்லை நம்பாதீர்கள்; பல பண்ணைகளில் அந்தப் புழுவுக்கு மருந்தே பிடிப்பதில்லை. புழுக்கையைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், மையவிலக்கில் சுழற்றிப் பார்க்கும் முறை வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள். வளர்ப்பவர்கள் இ-மேக் என்று சொல்லும் குடல் ஒட்டுண்ணியான எய்மீரியா மகுசானியென்சிஸின் முட்டை கனமானது, சாதாரண மிதவை முறையில் மேலே வராமல் போய்விடும். அது தொற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் புழுக்கையில் முட்டையே தென்படும். அதற்குள் உருப்படி இளைத்துப் படுத்துவிடும்.

ஒகையோ, பென்சில்வேனியா பக்கம் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெள்ளைவால் மான்களின் மூளையுறையில் வாழும் புழு, மான் புழுக்கை வழியாக நத்தைக்கும் ஓடில்லா நத்தைக்கும் போகிறது. மேயும்போது அந்த நத்தை அல்பாக்காவின் வாய்க்குள் போனால், புழு நேராகத் தண்டுவடத்துக்கு ஏறுகிறது. பெரும்பாலும் பின்னங்கால்தான் முதலில் தடுமாறும். அந்தப் பகுதியில் இதற்காகவே மாதாமாதம் ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து ஊசி போடுகிறார்கள். தேதியும் அளவும் எழுதிய ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். கால் இழுப்பதைப் பார்த்து "வண்டியில் வந்த அலுப்பு" என்று சொன்னால், வாங்காமல் திரும்பி வாருங்கள்.

சினை விஷயத்தில் ஏமாற்றுவது சுலபம், ஏனென்றால் அல்பாக்கா பதினொன்றரை மாதம் சுமக்கிறது. ஆணைக் கண்டு பெட்டை துப்பி விரட்டினால் சினை என்பார்கள். புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையையும் காட்டுவார்கள். கருமுட்டை வெளிவந்து ஹார்மோன் சுரக்கிறது என்பதற்கு மேல் இவை இரண்டும் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. இணை சேர்ந்து 60 நாள் கழித்து, உங்கள் கால்நடை மருத்துவர் எடுத்த ஸ்கேன் மட்டுமே கணக்கு. ஒப்பந்தத்தில் "உயிருள்ள குட்டிக்கு உத்தரவாதம்" என்று மட்டும் இருந்தால் போதாது. பிறந்து எத்தனை மணி நேரம் உயிரோடிருந்து பால் குடிக்க வேண்டும், தவறினால் பணமா மறுபடி இணை சேர்ப்பதா, போக்குவரத்துச் செலவு யாருடையது, எந்த ஆண் என்பதை எழுதி வாங்குங்கள். ஆணைப் பண்ணையே தேர்ந்தெடுக்கும் என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

புட்டிப்பால் ஆண் குட்டி பார்க்க அவ்வளவு அழகு. பின்னாலேயே வரும், முகத்தோடு முகம் உரசும். பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். மந்தையோடு சேராமல் மனிதர் கையில் வளர்ந்த ஆண், மனிதரையும் தன் இனம் என்றே நினைத்துக்கொள்கிறது. பருவம் வந்ததும் இன்னோர் ஆணோடு சண்டை போடுவதுபோல உங்களோடு போடும். நெஞ்சால் மோதும், காலைக் கடிக்கும், கீழே தள்ளி மேலே ஏறும். அல்பாக்காவின் பெரிய உறவான லாமாவில் இது இன்னும் ஆபத்து, எடை 150 கிலோவைத் தாண்டும். பழக்கம் ஊறிய பிறகு காயடித்தாலும் பெரும்பாலும் மாறுவதில்லை. முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றவை, தாயிடம் பால் குடித்து மந்தையில் வளர்ந்து, ஒன்றரை வயதுக்கு மேல் காயடித்த ஆண்கள். தனியாக ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம், குறைந்தது மூன்று.

கையோடு கொடுத்தனுப்பும் தீவன மூட்டையின் சீட்டையும் படியுங்கள். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் அல்பாக்காவின் இதயமும் தசையும் கெட்டுச் சாகும். தாமிரம் கூடுதலாக உள்ள தீவனமும் ஆகாது. 70 கிலோ உருப்படிக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ அளவில் நல்ல காய்ந்த புல்லும், ஒட்டகக் குடும்பத்துக்கென்றே தயாரித்த தாது உப்புமே பிரதானம்.

ரோமம் விற்றே போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஓர் உருப்படியிடம் கிடைப்பது 2 முதல் 4 கிலோ. அன்றைய அல்பாக்கா விலைக்கும் ரோம வருமானத்துக்கும் பொருத்தமே இல்லை என்று டேவிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2007-லேயே எழுதினார்கள். அடுத்து வாங்க ஆள் இருக்கும்வரைதான் அந்த விலை நின்றது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் கவிழ்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதல் வாரத்திலேயே புழுக்கை, ரத்தம், ஸ்கேன் மூன்றையும் செய்து, மருத்துவரிடம் தேதியிட்ட அறிக்கை வாங்குங்கள். மைக்ரோசிப் எண்ணைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பழைய மந்தை இருந்தால், புதிதாக வந்தவற்றை 30 நாள் ஒதுக்கி வையுங்கள். விற்றவரிடம் தொலைபேசியில் பேசுவதோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள். ஒகையோவில் 6,000 டாலர் வரையிலான கோரிக்கையைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே தாக்கல் செய்யலாம். அங்கே அந்த முதல் வார அறிக்கைதான் உங்கள் சாட்சி.