மாற்று விமானமா, மாமல்லபுரமா?

ஜனவரியில் சென்னையிலிருந்து டெல்லி, ஆக்ரா என்று குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். பனிமூட்டத்தால் விமானம் ரத்து. இப்போது மாற்று விமானம் கேட்கலாம், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். வானிலைதான் காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது, ஆனால் இந்த இரண்டில் ஒன்றை விமான நிறுவனம் தந்தே ஆகவேண்டும்.

மாற்று விமானம் என்றால் மதியத்துக்கு மேல் கேளுங்கள். மூட்டம் பெரும்பாலும் அதிகாலையில்தான் அடர்த்தி. தேதி தள்ளும்போது கிழமையையும் பாருங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு வாரம் லீவு இருந்தால் இதுவே சரி.

மூன்று நான்கு நாள்தான் இருக்கிறது, கூடவே வயதானவர்களும் என்றால், பணத்தை வாங்கிக்கொண்டு காரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பதே மேல் என்பேன். விமான நிலைய நாற்காலியில் தாத்தா பாட்டியை ராத்திரி முழுக்க உட்கார வைப்பது பாவம்.

மாமல்லபுரம் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். சிற்பங்கள் செதுக்கிய அர்ஜுனன் தபசுப் பாறை முன் பிள்ளைகளை நிறுத்தி, "பூனை எங்கே, கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். பெரிய யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை, பின்னங்காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். யானையின் காலடியில் குட்டிகள் வேறு. அவசரமே இல்லாமல் பார்க்க வேண்டிய இடம் அது. அப்புறம் புதுச்சேரிக்கு இன்னும் 100 கி.மீ. போலத்தான்.

பணம் கேட்பதற்கு முன் ஆக்ரா ஓட்டலுக்கு ஒரு போன் போட்டு, அறைப் பணம் திரும்ப வருமா என்று கேட்டுவிடுங்கள்.