பைஜியமா, சா பால்மெட்டோவா? புராஸ்டேட் வீக்கத்துக்கு எது தேவலை

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அது வீங்கி, ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது, போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்கிறவர்களைக் குறிவைத்து விற்கப்படும் மூலிகை மாத்திரைகளில் இந்த இரண்டும்தான் முன்னணி.

பைஜியம் என்பது கேமரூன், கென்யா, மடகாஸ்கர் மலைக்காடுகளில் வளரும் புரூனஸ் ஆப்பிரிக்கானா மரத்தின் பட்டைச் சாறு. அங்குள்ள வைத்தியர்கள் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும்கூட இந்தப் பட்டையைக் கொடுப்பார்கள். புராஸ்டேட் மருந்தாக அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது பிரெஞ்சு நிறுவனம் ஒன்று. சா பால்மெட்டோ அமெரிக்காவில், ஃபுளோரிடாப் பக்கம் புதராக வளரும் குட்டைப் பனையின் பழம்.

சா பால்மெட்டோவின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 2006இல் 225 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 2011இல் வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கு, அதாவது 960 மி.கி. வரை கொடுத்தும் பலனில்லை.

பைஜியம் கொஞ்சம் பரவாயில்லை. 18 ஆய்வுகளையும் 1,562 பேரையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அலசலில், இரவில் எழுவது 19 சதவீதம் குறைந்தது. சிறுநீரின் வேகமும் கூடியது. ஆனால் அவை பெரும்பாலும் பழைய, சில மாதங்களே நடந்த ஆய்வுகள். வேலை செய்வது எது என்பதிலும் தெளிவில்லை. ஸ்டிரால் எனப்படும் தாவரக் கொழுப்பு வகைகளில் ஒன்றான பீட்டா சிட்டோஸ்டிரால் என்பார்கள். ஒருநாள் அளவான 100 மி.கி. சாற்றில் ஸ்டிரால் மொத்தமே சுமார் 13 மி.கி.தான். கடலை, எள், எண்ணெய் என்று நாம் தினமும் சாப்பிடுவதிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கிறது! பட்டையில் உள்ள வேறு பொருள்களான, அழற்சியைத் தணிக்கும் டிரைடெர்பீன்களுக்கும் ஃபெருலிக் அமில எஸ்டர்களுக்கும் பங்கிருக்கலாம்.

சிக்கல் மரத்தில்தான். பழம் பறித்தால் பனைக்கு ஒன்றுமில்லை. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் செத்துப்போகும். எதிரெதிர்ப் பக்கங்களில் கால்வாசி கால்வாசியாக மட்டும் உரிப்பதுதான் முறை, அதை எல்லோரும் கடைப்பிடித்ததில்லை. 1995இலிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மரம் இது. இவ்வளவு சன்னமான பலனுக்கு மரங்கள் கொடுக்கும் இந்த விலை அதிகம் என்பேன்.

இரண்டுக்கும் பக்கவிளைவு பெரும்பாலும் வயிற்று உபாதைதான். ஆபத்து தாமதத்தில் இருக்கிறது: புற்றுநோய்க்கும் இதே அறிகுறிகள் வரலாம், அதனால் மாத்திரைக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அவர் எழுதித்தரும் டாம்சுலோசின் போன்ற மருந்து சில நாட்களிலேயே வேலை செய்யும். தலைசுற்றல் வரலாம், கண்புரை அறுவை சிகிச்சை இருந்தால் அதைச் சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.