பந்தலூர்ப் பிள்ளைக்கு எந்தத் தேர்வு எட்டும்?

நீலகிரியில் அரசுப் பள்ளியில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய உதவித்தொகைத் தேர்வு, 'டிரஸ்ட்' எனப்படும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, ஏகலைவா உறைவிடப் பள்ளி என்று வழிகள் உண்டு. எது நல்லது என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளையும் பணியர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளையும் அந்தத் தேர்வு அறைக்குள் போக முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பணத்தில் என்.எம்.எம்.எஸ். தான் மேல். எட்டாம் வகுப்பில் எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் எழுதும் டிரஸ்டில் ஆண்டுக்கு 1,000 தான். ஆனால் டிரஸ்டில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பிள்ளை கோயம்புத்தூர்ப் பிள்ளையோடு மோத வேண்டியதில்லை. இது பெரிய நியாயம்.

அப்புறம் ஒரு சிக்கல். நகராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் டிரஸ்ட் எழுத முடியாது. பந்தலூர் இருப்பது நெல்லியாளம் நகராட்சியில். தேயிலைத் தோட்டமும் யானைத் தடமுமாகக் கிடக்கும் இடம், காகிதத்தில் நகரம். சென்னைக்காரருக்குப் போட்ட விதி தோட்டத்துப் பிள்ளையைத் தடுக்கிறது.

என்.எம்.எம்.எஸ்.ஸிலும் வேலி உண்டு. தங்குமிடமும் சாப்பாடும் தரும் அரசு உறைவிடப் பள்ளியில் படித்தால் தகுதியில்லை என்கிறது விதி. இங்கே பழங்குடிப் பிள்ளைகள் பலர் படிப்பதே உண்டு உறைவிடப் பள்ளிகளில்தான். மற்றவர்களுக்கு வருமானச் சான்று வேண்டும். அதற்காகக் கொழுந்து பறிக்கும் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்க வேண்டும். அதையும் தாண்டினால், 'நல்லாப் படிக்கிற பத்துப் பேர்' என்று ஆசிரியர் போடும் பட்டியல். வீட்டில் பணிய மொழி பேசிவிட்டு வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கும் பெண் அதில் வருவது அபூர்வம். கணக்கில் அவள் எவ்வளவு சூட்டிகை என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

ஏகலைவா பழங்குடிப் பிள்ளைகளுக்கானது. ஆறாம் வகுப்பில் நுழைவு, பாதி இடம் பெண்களுக்கு, செலவு அரசுடையது. எனக்குப் பிடித்த ஏற்பாடுதான். ஆனால் பதினொரு வயதில் வீட்டை விட்டுப் போக வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் அது ஒத்துவராது.

ஆசிரியர் போடும் பட்டியலுக்கு மாற்று உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் 2005இல் ஆசிரியர் பரிந்துரைக்குக் காத்திராமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சோதித்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்குத் தேறிய ஏழை, கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பணமில்லை என்று நிறுத்தியதும் பழையபடி குறைந்தது. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அதனால் என் ஓட்டு என்.எம்.எம்.எஸ்.ஸுக்கு, ஒரு நிபந்தனையோடு: எட்டாம் வகுப்பில் தகுதியுள்ள எல்லாரும் எழுத வேண்டும். பள்ளி திறந்ததுமே வருமானச் சான்று வேலையைத் தொடங்கிவிடலாம். ஒரு நாள் இ-சேவைக்காரரைப் பள்ளிக்கே வரவழைத்தால் அம்மாக்களின் கூலியும் போகாது. உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தடையை மட்டும் அரசுதான் நீக்க வேண்டும்.