வாய்ப் பயிற்சிச் செயலிகள்: ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய பிறகு

குழந்தைகளுக்கான வாய், முகத் தசைப் பயிற்சிச் செயலிகளில் இரண்டை ஓராண்டுக்கும் மேலாக வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். மகளுக்கு எட்டு வயது. விரல் சூப்புவதை விட்ட பிறகும் அவள் உதடுகள் எப்போதும் பிரிந்தே இருந்தன. விழுங்கும்போதெல்லாம் நாக்கு முன்பற்களுக்கு இடையே எட்டிப் பார்த்தது. கடைவாய்ப் பற்களைக் கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. கம்பி போடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் தசைப் பயிற்சியைத் தொடங்குங்கள் என்றார் பல் சீரமைப்பு மருத்துவர். செயலிகள் வந்தது அப்படித்தான்.

பயிற்சிகள் புதியவை அல்ல. ஆல்ஃபிரட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் முகத் தசைப் பயிற்சிகளைப் பற்றி 1918-லேயே எழுதியிருக்கிறார். பயிற்சியைப் படமாகக் காட்டுவது, நேரத்துக்கு நினைவூட்டுவது, செய்ததைச் சரிபார்த்து மதிப்பெண் தருவது ஆகிய மூன்றும்தான் செயலியின் வேலை. முதல் இரண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் சண்டையெல்லாம் மூன்றாவதோடுதான்.

அடிப்படைப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் ஒரு சிறு மேடு இருக்கும். நாக்கு நுனியை அங்கே வைத்து, உதடுகளை மூடி, மூக்கால் மூச்சுவிட வேண்டும். முன்பக்கக் கேமராவுக்கு உதடும் தாடையும் தெரியும். மூடிய வாய்க்குள் நாக்கு எங்கே கிடக்கிறது என்பது தெரியாது. ஆப்பிளின் முக அசைவுத் தொழில்நுட்பம் அளக்கும் 52 அசைவுகளில் நாக்குக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று: நாக்கை வெளியே நீட்டுவது. நாங்கள் நாக்கை உள்ளே குடியமர்த்தப் பாடுபடுகிறோம், கருவியோ அது வெளியே வந்தால்தான் கண்டுகொள்கிறது! உதட்டை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாலே நட்சத்திரங்கள் விழும் என்பதை மகள் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டாள். நாக்கு கீழேயே சுகமாகக் கிடந்தது.

இரண்டில் ஒரு செயலி இந்த விஷயத்தில் சற்றுப் புத்திசாலி. நாக்கைச் சொடுக்கும் பயிற்சியில் அது கேமராவை நம்பாமல் மைக்கைப் பயன்படுத்துகிறது. நாக்கு அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டிக்கொண்டு, பிறகு விடுபட்டால்தான் அந்த ‘டொக்’ ஓசை வரும். ஓசை கேட்டால் நாக்கு மேலே போனது என்று பொருள். மேசையை விரலால் தட்டினாலும் செயலி ஏற்றுக்கொள்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது, அது வேறு கதை. பயிற்சியின்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு இப்போது ஐயமே இல்லை.

மதிப்பெண்ணை நான் மதிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விழுங்கும்போது நாக்கு தரும் அழுத்தம் நொடிப்பொழுதில் முடிந்துவிடுகிறது. நாக்கும் உதடும் ஓய்வாக இருக்கையில் மணிக்கணக்காகத் தரும் மெல்லிய அழுத்தமே பற்களின் இடத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு அறிஞர் வில்லியம் ப்ராஃபிட் 1978-இல் வாதிட்டார். பல் சீரமைப்புத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கருத்து அது. அப்படியானால் பயிற்சி நடக்கும் சில நிமிடங்களைவிட மற்ற நேரம் முழுவதும் நாக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. செயலி அளப்பதோ அந்தச் சில நிமிடங்களை மட்டும்.

எனவே நினைவூட்டலை இடம் மாற்றினோம். அவள் படிக்கும்போதும் படம் வரையும்போதும், அதாவது வாய் தன்னை மறந்து திறக்கும் வேளைகளில், “நாக்கு எங்கே?” என்று மட்டும் கேட்கும்படி அமைத்தேன். நட்சத்திரமும் இல்லை, இசையும் இல்லை. இத்தனை மாதங்களில் உண்மையாகப் பலன் தந்தது இந்த அற்பமான வசதிதான் என்பேன்.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. இரண்டு செயலிகளுமே மூக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் உதடு மூடும் பயிற்சிக்குப் போய்விடுகின்றன. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியோ ஒவ்வாமையால் மூக்கடைத்தோ இருக்கும் குழந்தை வேறு வழியில்லாமல்தான் வாயால் மூச்சுவிடுகிறது. அதனிடம் வாயை மூடு என்பது கொடுமை. எங்கள் மருத்துவர் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார், மூக்கடைப்புக்கான சிகிச்சைக்குப் பிறகே பயிற்சி தொடங்கியது. குறட்டை உள்ள குழந்தைக்கும் இதே வரிசைதான். முக அமைப்பையே மாற்றிக்காட்டுவோம் என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நான் தரவிறக்கவே இல்லை.

குழந்தையின் முகக் காணொளி சர்வருக்குப் போகிறதா என்பதையும் அமைப்புகளில் பாருங்கள். ஒன்றில் அது இயல்பாகவே இயங்கு நிலையில் இருந்தது, அணைத்தேன்.

பலன்? பகலில் உதடுகள் பெரும்பாலும் மூடியிருக்கின்றன, இரவில் இன்னும் திறந்துகொள்கின்றன. முன்பற்களின் இடைவெளி குறைந்திருக்கிறது. ஆனால் நிரந்தரப் பற்கள் முளைத்து வளரும் வயது இது. விரல் சூப்புவதை நிறுத்தினாலே இந்த இடைவெளி தானாகக் குறைவதும் உண்டு. செயலிக்கு இதில் எத்தனை பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, அதைச் செய்யும் விளம்பரங்களையும் நம்ப மாட்டேன்.

கட்டணச் செயலியின் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இலவசச் செயலியில் நினைவூட்டலும், மாதம் ஒருமுறை பல்லைக் கடித்தபடி எடுக்கும் படமும் தொடர்கின்றன. அடுத்த சந்திப்புக்கு மருத்துவர் கொண்டுவரச் சொன்னது அந்தப் படங்களைத்தான். மதிப்பெண் பட்டியலை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.