950 வெள்ளி போன் 2,450 வெள்ளி ஆகும் விதம்: சிங்கப்பூரில் போன், கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2014 நவம்பரில் ஒரு வீடியோ உலகமெங்கும் ஓடியது. சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர் வளாகத்தில், ஒரு போன் கடையில், வியட்நாமிலிருந்து சுற்றுலா வந்த தொழிலாளி ஒருவர் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். ஐபோன் 6-க்கு 950 வெள்ளி என்று பேசி, பணத்தைக் கட்டி, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டிருந்தார். (சிங்கப்பூர்த் தமிழில் டாலரை வெள்ளி என்பார்கள். இந்தப் பதிவிலும் அப்படியே.) கையெழுத்து விழுந்த பிறகுதான் "வாரண்டிக்கு 1,500 வெள்ளி தனி" என்றார்கள். கட்டினால் போன், கட்டாவிட்டால் கொடுத்த பணமும் திரும்பாது. கடைசியில் அவர் கைக்கு வந்தது 400 வெள்ளி. அதே கடை, நீதிமன்ற உத்தரவுப்படி இன்னொரு வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய 1,010 வெள்ளியைச் சில்லறைக் காசாக மூட்டை கட்டிக் கொடுத்திருந்தது. கடைக்காரருக்கு 2015 நவம்பரில் 33 மாதச் சிறை.

அந்தக் கடை போய்விட்டது. அந்த உத்தி போகவில்லை. சிங்கப்பூரில் மட்டுமல்ல, சுற்றுலாப் பயணி நாளைக்கு விமானம் ஏறிவிடுவார் என்று தெரிந்த எந்த ஊரிலும் அது உயிரோடு இருக்கிறது. நேர்மையான கடையில் வாங்கினாலும் கணக்கு பல சமயம் கையைக் கடிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம். முதலில் ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நீங்கள் கேட்ட மாடலுக்கு, இணையத்தில் பார்த்ததைவிட 100, 150 வெள்ளி குறைத்து விலை சொல்வார்கள். கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார்கள். தாளில் எழுத மாட்டார்கள். "பாஸ்போர்ட் குடுங்க அண்ணே, டேக்ஸ் ரீஃபண்ட் போடணும்" (சுற்றுலாப் பயணி கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுவதுதான் ரீஃபண்ட்) என்று வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள். கார்டைத் தேய்த்தபின், பெட்டி வர அரை மணி நேரம் ஆகும். "குடோன்ல இருந்து வருது" என்பார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் வியாபாரமே நடக்கிறது. கேமராவாக இருந்தால், நீங்கள் வாங்கியது "எக்ஸ்போர்ட் செட்", அதற்கு இந்தியாவில் சர்வீஸ் கிடையாது, இதோ இன்னொரு மாடல் என்று வேறொன்றைத் தள்ளுவார்கள். அதன் உண்மை விலை உங்களுக்குத் தெரியாது; நீங்கள் விசாரித்து வந்தது முதல் மாடலின் விலையை மட்டும்தான். அல்லது, கம்பெனிப் பெட்டியிலேயே வரும் பேட்டரி, சார்ஜர், கழுத்துப்பட்டை, லென்ஸ் ஹூட் எல்லாவற்றையும் எடுத்துத் தனித்தனியாக விலை போடுவார்கள். அதற்குமேல் ஊர் பேர் தெரியாத ஃபில்டர், மெமரி கார்டு. போனாக இருந்தால் வாரண்டி பேக்கேஜ், "ஆக்டிவேஷன்" கட்டணம். கட்டணம் கட்டி ஆக்டிவேட் செய்ய வேண்டிய போன் எதுவும் உலகில் இல்லை.

இது ஏன் பலிக்கிறது? பணம் ஏற்கனவே போய்விட்டது, பாஸ்போர்ட் அவர்கள் மேசையில் இருக்கிறது, வெளியே குடும்பம் காத்திருக்கிறது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். பெட்டி முதலில் வர வேண்டும். பெட்டிமேல் உள்ள மாடல் எண், சீரியல் எண், உள்ளே உள்ள பொருட்கள், ஜிஎஸ்டி சேர்த்த மொத்தத் தொகை ஆகிய நான்கும் பில்லில் எழுதப்பட்ட பிறகுதான் கார்டு. பாஸ்போர்ட்டை உங்கள் கையில் வைத்தபடியே ஸ்கேன் செய்யச் சொல்லலாம். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜிஎஸ்டியிலேயே ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். கடையில் எழுதிவைக்கும் விலையில் அது சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே "விலை இது, ஜிஎஸ்டி தனி" என்று பொருள் விற்கும் கடையில் அப்போதே சந்தேகப்படலாம். இன்னொன்று: ஆண்டு வியாபாரம் 10 லட்சம் வெள்ளிக்குக் குறைவான கடைகள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத கடை ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. அங்கே வாங்கினால் ரீஃபண்டும் கிடையாது. பில்லில் ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாமல் 9 சதவீதம் போட்டிருந்தால் அது நேரடியாக உங்களிடமிருந்து எடுத்த பணம்.

சரி, நல்ல கடை, சரியான பில். லாபம் உண்டா? ஊகமாகப் பேசாமல் நிஜ விலையை எடுப்போம். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது சிங்கப்பூர் விலை 1,299 வெள்ளி, இந்திய விலை 79,900 ரூபாய். ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்தால் சிங்கப்பூர் விலை 84,435 ரூபாய். அதில் ஜிஎஸ்டி பங்கு சுமார் 6,970 ரூபாய். அது முழுதாகத் திரும்பி வந்தால் 77,465. ஆனால் இந்திய கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வழக்கமான 3.5 சதவீத மார்க்கப் (வங்கி எடுக்கும் கூடுதல் கட்டணம்), அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம் போகும். அது சுமார் 3,490 ரூபாய். மொத்தம் 80,950-ஐ ஒட்டி நிற்கிறது. ஊரில் வாங்குவதைவிட ஆயிரம் ரூபாய் அதிகம், அதுவும் சுங்கம் பற்றிப் பேசுவதற்கு முன்பே. ரீஃபண்டைக் கையாளும் ஏஜென்சியின் கட்டணத்தை நாங்கள் கழிக்கவில்லை. ஊரில் கிடைக்கும் வங்கித் தள்ளுபடி, பழைய போன் எக்ஸ்சேஞ்ச் ஆகியவற்றையும் சேர்க்கவில்லை.

விலை கூடிய மாடலில் நிலைமை வேறு மாதிரி தோன்றும். ஐபோன் 16 ப்ரோ சிங்கப்பூரில் 1,599 வெள்ளி, இந்தியாவில் 1,19,900 ரூபாய். அதே முறையில் கணக்கிட்டால் கைக்கு வரும் விலை சுமார் 99,650. இருபதாயிரம் மிச்சம் என்று துள்ளுவோம். இப்போது சென்னை விமான நிலையச் சுங்கம். 2016 பயணப் பொதி விதிகள்படி, அந்தச் சமயத்தில் ஓர் இந்தியப் பயணிக்குத் தீர்வையில்லா வரம்பு 50,000 ரூபாய். அதற்குமேல் உள்ள மதிப்புக்கு 35 சதவீதத் தீர்வை, அந்தத் தீர்வையின்மேல் 10 சதவீத சமூகநலக் கூடுதல் வரி, சேர்த்து 38.5 சதவீதம். பில் விலை 1,03,935 என்றால் கூடுதலாக உள்ள 53,935-க்குத் தீர்வை 20,765 ரூபாய். மிச்சம் என்று நினைத்த 20,250 அப்படியே கரைந்து, மேலும் 500 ரூபாய் கையிலிருந்து போகிறது. வரம்புத் தொகையை அரசு திருத்தக்கூடியது. பயண நாளில் நடப்பில் உள்ளதைச் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டு இதே கணக்கை உங்கள் மாடலுக்குப் போடுங்கள். கணவன், மனைவி இருவரின் வரம்பையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது; இதில்தான் பல குடும்பங்கள் மாட்டுகின்றன.

"பில்லைக் குறைச்சுப் போட்டுத் தரேன்" என்று கடைக்காரர் அன்பாகச் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். சுங்க அதிகாரி இணையத்தில் விலையைப் பார்த்துக்கொள்வார். பொய்க் கணக்கு காட்டினால் பொருள் பறிமுதலாகும், அபராதமும் உண்டு. போதாததற்கு ரீஃபண்டும் குறைந்த தொகைக்குத்தான் வரும், வாரண்டிக்கும் அந்த பில்தான் சாட்சி. "சென்னையில என் மச்சான் வந்து வாங்கிக்குவான், இந்த ரெண்டு போனை மட்டும் கொண்டுபோங்க" என்ற வேண்டுகோள் இதைவிட ஆபத்தானது. ஊரில் இதற்குக் குருவி வேலை என்று பேர். பிடிபட்டால் பெட்டி யாருடையது என்று அதிகாரி கேட்க மாட்டார். யார் கையில் இருக்கிறது என்பதுதான் வழக்கு.

டிவி பற்றி ஒரே வரி: எல்இடி, எல்சிடி டிவிக்குத் தீர்வையில்லா வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே தீர்வை, ஆகவே வேண்டாம். லேப்டாப் மாறானது. 18 வயது நிரம்பிய பயணிக்கு ஒரு லேப்டாப், வரம்புக்கு வெளியே, தீர்வையில்லாமல் அனுமதி. வெளிநாட்டில் வாங்குவதற்கு உண்மையில் பொருத்தமான பொருள் அதுதான். மேக்புக் போன்றவற்றுக்கு உலகளாவிய வாரண்டியும் உண்டு. டெல் வாங்கினால், ஊர் வந்ததும் சர்வீஸ் டேக் எண்ணை இந்தியாவுக்கு மாற்றப் பதிவு செய்யுங்கள். கெட்டுப்போன பிறகு செய்யப் போனால் நாட்கள் இழுக்கும்.

போனில் விலையைவிடப் பெரிய சிக்கல் அது எந்த நாட்டுக்குச் செய்யப்பட்டது என்பது. சிங்கப்பூரில் விற்கும் எல்லாமே சிங்கப்பூர்ச் சரக்கு கிடையாது. கம்பெனி வழியாக அல்லாமல் வேறு நாட்டுச் சரக்கைத் தாமே கொண்டுவந்து விற்கும் இணை இறக்குமதிக் கடைகளில் ஹாங்காங், சீனா, அமெரிக்கா செட்டுகள் கலந்து இருக்கும். அமெரிக்க ஐபோனில் 14-ஆம் வரிசையிலிருந்து சிம் தட்டே இல்லை, இ-சிம் மட்டும். சீன நிலப்பரப்புக்கான ஐபோன் 16-இல் இரண்டு சிம் அட்டை போடலாம், இ-சிம் கிடையாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் விற்ற ஐபோனில் ஃபேஸ்டைம் வேலை செய்யாமல் போகலாம். ஜப்பான் செட்டில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாமல் போகலாம். அமைப்புகளில் பொது, அறிமுகம் பகுதிக்குப் போய் மாடல் எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள்: எல்எல் என்றால் அமெரிக்கா, எச்என் இந்தியா, ஜே ஜப்பான், சிங்கப்பூருக்கு இசட்பி. முதல் எழுத்து எம் என்றால் புதியது, எஃப் என்றால் புதுப்பித்து விற்றது, என் என்றால் ரிப்பேருக்கு மாற்றாகக் கொடுத்தது. "சீல்டு பீஸ்" என்று விற்கும் பெட்டிக்குள் எஃப் இருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். அதே பக்கத்தில் கேரியர் பூட்டு (ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யும் கட்டுப்பாடு) இல்லை என்ற வரியும் இருக்க வேண்டும்.

சாம்சங் பெட்டிமேல் சில சமயம் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும்: குறிப்பிட்ட பிராந்தியத்து சிம் போட்டு, மொத்தம் ஐந்து நிமிடமாவது பேசிய பிறகுதான் மற்ற நாட்டு சிம்மை ஏற்கும் என்று. அந்த ஊரிலேயே உள்ளூர் சிம் போட்டுப் பேசி முடித்துவிடுங்கள். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் போன் உங்கள் சிம்மை ஏற்காது, அந்த நாட்டு சிம்முக்கு எங்கே போவது?

சீனச் சந்தைக்கான ஆண்ட்ராய்டு போன்களில் இன்னொரு வில்லங்கம். கூகுள் சேவைகள் வேண்டும் என்பதற்காகக் கடைக்காரர்களே வேறு மென்பொருளை ஏற்றி விற்கிறார்கள். அதற்காகப் பூட்லோடர் எனும் உள்பூட்டைத் திறந்திருப்பதால் வங்கி ஆப்கள் அடம்பிடிக்கும். அப்டேட் போட்டதும் போன் எழாமலே போவதும் உண்டு. அலைவரிசையையும் பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. பேசுவதற்கே வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகப் பேசும் வசதி, வேண்டும். போனின் எல்டிஇ (4ஜி) அலைவரிசைப் பட்டியலில் 3, 5, 40 இருக்க வேண்டும். ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. 5ஜிக்கு என்78, என்28. ஓர் எண் குறைந்தால் வீட்டுக்குள் சிக்னல் விழாமல் போகலாம், குற்றம் டவர் மேல் போகும்.

கேமராவில் வாரண்டி பெரும்பாலும் விற்ற நாட்டோடு சரி. கடையே அடித்துத் தரும் "இன்டர்நேஷனல் வாரண்டி" அட்டையைச் சென்னையில் எந்த சர்வீஸ் சென்டரும் மதிக்காது. மெமரி கார்டு வாங்கினால் அன்றிரவே லேப்டாப்பில் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பாருங்கள். 256 ஜிபி என்று காட்டும் போலி, உண்மையில் 16 ஜிபி தாண்டியதும் பழைய படங்களை அழித்துக்கொண்டே போகும்.

பணம் கட்டும்போது கார்டு மெஷின் ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று கேட்கும். டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயை அமுக்கினால் மெஷின்காரர் வைக்கும் மாற்று விகிதம், அது வங்கி விகிதத்தைவிட மோசம். சில கடைகளில் கேட்காமலே ரூபாயை அமுக்கிவிடுவார்கள். சீட்டில் ரூபாய் இருந்தால் அங்கேயே ரத்து செய்யச் சொல்லுங்கள்.

ரீஃபண்டுக்குக் குறைந்தபட்சம் 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். அசல் பாஸ்போர்ட் கடையில் காட்ட வேண்டும், போனில் உள்ள படம் செல்லாது. வாங்கிய இரண்டு மாதத்துக்குள் பொருளோடு கிளம்ப வேண்டும். சாங்கி விமான நிலையத்தில், பொருள் பெரிய பெட்டிக்குள் போகிறதென்றால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே ரீஃபண்ட் கியாஸ்க்கில் (தானியங்கி இயந்திரத்தில்) பதிய வேண்டும். சோதனைக்கு அனுப்பும்போது பொருள் கையில் இல்லாவிட்டால் ரீஃபண்ட் போச்சு. போன், கேமராவைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பொருளைப் பயன்படுத்தாதீர்கள், பெட்டியின் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காதீர்கள். பில், கையெழுத்துப் போட்ட தாள், கார்டு சீட்டு, கடைப் பலகை எல்லாவற்றையும் படம் எடுங்கள். சிங்கப்பூர் நுகர்வோர் சங்கத்திடம் அன்றே புகார். சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்கும், வக்கீல் தேவையில்லை. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது பொதுவாக விற்றபோதே இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் உங்கள் வங்கிக்கு எழுத்தில் தகராறு பதிவு செய்யுங்கள். சொன்ன விலையும் எடுத்த தொகையும் வேறு என்பதைக் காட்டும் தாள் அங்கே உதவும். ரொக்கமாகக் கட்டியிருந்தால் இந்த வழி அடைபட்டுப் போகும். "கேஷ்னா இன்னும் அம்பது வெள்ளி கம்மி" என்று கடைக்காரர் சொல்வதன் காரணம் அதுதான்.