அப்பாவின் மைக்செட்டுக்கு இரண்டு வால்வுகள்

டொராண்டோவிலிருந்து நான்கு வார விடுப்பில் ஊருக்குப் போனபோது, பெட்டிக்குள் காலுறையில் சுருட்டிவைத்த இரண்டு இஎல்34 வால்வுகள் இருந்தன. பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள் இவை. ஸ்லோவாக்கியாவில் ஜேஜே நிறுவனம் தயாரிக்கும் புதிய ஜோடி. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் அப்பா மைக்செட் கட்டிய ஆம்ப்ளிஃபையர் பத்து வருடமாகப் பரணில் கிடந்தது. ஊர்த் திருவிழாவுக்குள் அதைப் பாடவைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

"110 வோல்ட் நாட்டு வால்வு நம் கரண்டைத் தாங்குமா?" என்று மாமா கவலைப்பட்டார். தாங்கும். இதைச் சூடாக்கும் இழைக்கு எந்த நாட்டிலும் 6.3 வோல்ட்தான், மின்சாரத்தை அந்த அளவுக்கு இறக்கிக் கொடுப்பது டிரான்ஸ்ஃபார்மரின் வேலை.

இன்னொரு வால்வும் தேவைப்பட்டது, முன்பகுதிக்கு இசிசி83. சென்னை ரிச்சி தெருவில் முதலில் ஏறிய கடையில் எழுத்தழிந்த ஒன்றை நீட்டினார்கள். உச்சியில் வெள்ளிபோல் மின்ன வேண்டிய பூச்சு பால் நிறத்துக்கு வெளுத்திருந்தது. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். "சூடானால் சரியாகிவிடும்" என்றார் கடைக்காரர். ஆகவே ஆகாது; செத்த வால்வை விற்பதா என்று எனக்குக் கோபம் வந்தது. இரண்டு கடை தள்ளி ஒரு பெரியவரிடம் பழைய பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வால்வு கிடைத்தது. 1961 முதல் பெங்களூரில் வால்வு செய்த நிறுவனம் அது. உள்ளிருக்கும் இரண்டு டிரையோடுகளையும், அதாவது பெருக்கும் பகுதிகளையும், டெஸ்டரில் தனித்தனியே காட்டிவிட்டுத்தான் பணம் வாங்கினார்.

திண்டுக்கல் மெக்கானிக்குக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் நீட்டிய ஜோடியைத் தொடக்கூட இல்லை. "அது இருக்கட்டும் தம்பி, பழையது ஏன் போனது என்று முதலில் பார்ப்போம்." இஎல்34 இரண்டையும் பொருத்தாமலே செட்டுக்கு மின்சாரம் கொடுத்து, வால்வில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மைனஸ் வோல்ட் வந்துசேரும் இடமான சாக்கெட்டின் ஐந்தாம் காலில் மீட்டரை வைத்தார். ஒரு பக்கம் மைனஸ் 36 வோல்ட். மறுபக்கமும் அதே அளவு இருக்க வேண்டும், ஆனால் மைனஸ் 19தான். முன்பகுதியின் உயர் மின்னழுத்தம் பழைய காகிதக் கண்டென்சர் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. அதனால் மின்னோட்டம் கட்டுமீறியதே பழைய வால்வின் உள்ளிருக்கும் தகடு சிவந்து எரிந்ததற்குக் காரணம். அப்படியே செருகியிருந்தால் என் புது வால்வும் அதே கதியை அடைந்திருக்கும்.

கண்டென்சர் இரண்டையும் மாற்றிய பிறகே வால்வுகளைப் பொருத்தினார். தகட்டில் 400 வோல்ட். பாட்டு ஓடாதபோது வால்வுக்கு 35 மில்லிஆம்பியர் மின்னோட்டம் வைத்தார். அதாவது தகட்டில் 14 வாட் வெப்பம். இஎல்34 தாங்கும் எல்லை 25. கொஞ்சம் கூட்டினால் நாதம் இன்னும் நன்றாக இருக்காதா என்று கேட்டேன். "கோயிலில் மூன்று நாள் விடாமல் ஓட வேண்டும், போதும்" என்றார். இரண்டு வால்வுக்கும் வித்தியாசம் ஒரே மில்லிஆம்பியர். ஜோடி பார்த்து வாங்கியதற்குப் பலன் கிடைத்தது.

கூலி 700 ரூபாய். கூடுதலாகக் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. மூலையில் துணி போர்த்தியிருந்த மூன்று செட்டுகளைக் காட்டி, "அடுத்த முறை வரும்போது இதே மாதிரி மூன்று ஜோடி கொண்டுவாருங்கள்" என்றார். டொராண்டோ வந்ததும் முதல் வேலையாக வாங்கி வைத்துவிட்டேன்.